தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் ‘பாதி மாடி’ என்று கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். லிஃப்ட் சில நேரம் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடும் அல்லவா, அந்த மாதிரி இவரும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுவார். மேலேயும் போகாது, கீழேயும் வராது. மீதியை நான்தான் சொல்லி முடிப்பேன். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று இவரைக் கேட்டால் நான் காட்டுவேன். முடி வெட்டுகிறவர் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டபோது வாசலில் நின்றுகொண்டே பதில் சொன்னேன். அதற்குப் பிறகு முடி வெட்டிக்கொள்ள மட்டும் தனியாகப் போக ஆரம்பித்தார்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு நீள மேஜை, மூலையில் இஸ்திரிப் பெட்டி. கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். வேலை நடக்கும்போது நாலைந்து குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வேன். அந்த நேரத்தில்தான் இந்த வீடு அமைதியாக இருக்கிறது என்று இவர் ஒருநாள் சொன்னார். முழு வாக்கியமாகச் சொன்னதால் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதர் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவருடைய அக்கா. என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பத்து வயது மூத்தவர். இவர் மூன்று வயதுவரை பேசவே இல்லையாம், பேசியபோது முதலில் பேசியது அக்காவிடம்தானாம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. பொய் சொல்வானேன்.

அந்த அக்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை மாற்றல் வந்தது. நேர்கோட்டில் பார்த்தால் எழுபது கிலோமீட்டர். ஆனால் அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. மாதத்துக்கு இரண்டு தடவை சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் போகும், அதில் கடிதம் கொடுத்து அனுப்பலாம். இவர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? ‘அக்காவுக்கு, நலம். மழை’ என்று ஒன்று எழுதினார். மழை என்ன ஆயிற்று என்பதை நான் கீழே எழுதி அனுப்பினேன்.

அண்ணி அங்கே சும்மா இருக்கவில்லை. பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கிக்கொண்டார். தினமும் மாலை ஆறு மணிக்குத் தன் ரேடியோவில் மற்ற உரிமக்காரர்களோடு பேசுவார். இவர் எங்கிருந்தோ பழைய ரேடியோப் பெட்டி ஒன்றைப் பிடித்துவந்து சரிசெய்தார். கேட்பதற்கு யாருக்கும் தடை இல்லை, பேசுவதற்குத்தான் உரிமம் வேண்டும். அதனால் இவர் ஒரு வருஷமாக ஆறு மணிக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி தினமும் கடைசியில் ஒரே மாதிரி முடிப்பார்: “தம்பி கேட்டுட்டுத்தான் இருப்பான். சரிடா, நாளைக்குப் பாக்கலாம்.” இவர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

சரி, இவரும் பரீட்சை எழுதட்டும் என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். ரேடியோ வேலையில் இவருக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஈயம் வைத்துக் கம்பி பற்றவைப்பதில் கை அப்படியே பேசும். தகராறு வாய்மொழித் தேர்வில்தான். அலைநீளத்தைச் சொல்லி அதிர்வெண் கேட்பார்கள், முந்நூறை அந்த நீளத்தால் வகுத்து உடனே சொல்ல வேண்டும். முதல் தடவை, அலைநீளம் இருபது மீட்டர், அதிர்வெண் என்ன என்று கேட்டார்கள். இவர் முந்நூறை இருபதால் வகுப்பதற்குப் பதில் பெருக்கி, ஆறாயிரம் என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை அதே கேள்வி. இவர் பாதி மாடியில் நின்றுவிட்டார். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே “பதினஞ்சு” என்று சொல்லிவிட்டது.

பதில் சரிதான். ஆனால் தேர்வதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். மூன்றாம் தடவையும் தவறினால் இரண்டு வருஷம் எழுத முடியாது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு மணிக்கு அண்ணி வழக்கம்போல “தம்பி கேட்டுட்டுத்தான் இருப்பான்” என்றபோது நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் வீட்டில் பாடம் நடந்தது. புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தை இவர் மனப்பாடம் செய்வார், காலையில் மறந்துவிடுவார். எதை எதால் வகுப்பது, எங்கே பெருக்குவது என்பது தினம் ஒரு விதமாக மாறும். ஒருநாள் திரைச்சீலைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, முந்நூறு, முந்நூறு என்று முனகிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இங்க பாருங்க. இந்த ரேடியோ அலை ஒரு விநாடியில எவ்வளவு தூரம் ஓடும்னு சொன்னீங்க?”

முப்பது கோடி மீட்டர், அதாவது முந்நூறு பத்து லட்சம் என்றார். அந்தப் பத்து லட்சம் மெகாஹெர்ட்ஸில் போய்விடும், நமக்கு முந்நூறு இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

“அப்ப முந்நூறு மீட்டர் துணி ஒரு பேல் வந்திருக்கு. ஒரு துண்டுக்கு இருபது மீட்டர். எத்தனை துண்டு வெட்டலாம்?”

“பதினஞ்சு.”

“பத்து மீட்டர்னா?”

“முப்பது.” அப்புறம் மேஜையில் கிடந்த துணியைப் பார்த்தார். “துண்டு சின்னதானா எண்ணிக்கை கூடும். அவ்வளவுதானா இது?”

அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் துணிக்கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அன்றிலிருந்து இவர் கணக்குப் போடும்போதெல்லாம் வலது கை விரல் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி அசைய ஆரம்பித்தது.

தேர்வுக்குக் கடிதம் வந்தது. இந்தத் தடவை கேள்வி மட்டும் போதாது, 145 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு ஆன்டெனாவும் செய்து கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. இரண்டு கம்பிகளை எதிரெதிராக நீட்டிக் கட்டினால் ஆன்டெனா. ஒவ்வொரு கம்பியும் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். அதிலும் ஒரு சின்ன சங்கதி உண்டு. கம்பியில் அலை சற்று மெதுவாகப் போகுமாம், அதனால் நூற்றுக்கு ஐந்து குறைத்து வெட்ட வேண்டுமாம். எல்லாம் கணக்குப் போட்டு நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்தார். ஆனால் அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை வந்துவிட்டது. கம்பியை மட்டும் வெட்டி வைக்கும்படி என்னிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: ‘49 செ.மீ. இரண்டு.’

என் மேஜையில் அன்றைக்கு முப்பத்திரண்டு பள்ளிச் சீருடை கிடந்தன. நடுவில் கம்பியை எடுத்தேன். நாற்பத்தொன்பதில் நீல சாக்கால் கோடு போட்டேன். வெட்டினேன். மறுபடி சீருடைக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை இவர் அவசர அவசரமாக அதை ஒரு மரச்சட்டத்தில் பொருத்திப் பற்றவைத்தார். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான அதைப் பஸ்ஸில் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆளாக நான் கிளம்பினேன்.

தேர்வதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“பதினஞ்சுன்னு சொன்னது நீங்கதானே?”

அசடு வழியத் தலையாட்டினேன். இந்தத் தடவை வெளியே வேண்டாம், உள்ளேயே என் கண்முன்னால் உட்காருங்கள் என்றார். நீங்கள் ஒரு வார்த்தை பேசினாலும் உங்கள் வீட்டுக்காரர் வெளியே போகவேண்டியதுதான் என்றும் சொன்னார். எனக்கு என்னைத் தெரியும். சட்டைக் கையில் குத்தி வைத்திருந்த குண்டூசிகளை உருவி, ஐந்தையும் உதட்டில் கவ்விக்கொண்டேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேள்வித்தாளைத் திருப்பினார்.

அலைநீளம் நாற்பது மீட்டர், அதிர்வெண் என்ன என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். இரண்டு விரல் மேஜைக்கு அடியில் துணி வெட்டியது.

“ஏழரை.”

“ஏழரை என்ன?”

நின்றுவிட்டது. மெகாஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் என்று எனக்கு நாக்கின் நுனியில் துடிக்கிறது. குண்டூசியை இன்னும் அழுத்தினேன். சுவர்க் கடிகாரம் ஏழெட்டுத் தடவை டிக் என்றது. அதற்கப்புறம் இவராகவே “மெகாஹெர்ட்ஸ்” என்றார். இன்னும் நாலு கேள்வி வந்தது, நாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வயது மூத்துப்போனேன்.

கடைசியில் ஆன்டெனா. அந்த அம்மா அதிர்வெண் காட்டும் ஒரு சின்ன அளவுமானியை அதில் மாட்டினார். திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“145க்குச் செஞ்சதா சொன்னீங்க. இது 132 காட்டுது. அங்க விமானம் ஓட்டறவங்கதான் பேசிக்குவாங்க. ஏன் இப்படி? பத்து நிமிஷம் தரேன்.”

காரணம் அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை அளவு போட்ட இடத்தில் வெட்டாது. இருபது வருஷமாக வெட்டியதே இல்லை. கோடு போடும், மடித்துத் தைக்க இரண்டு அங்குலம் வெளியே தள்ளும், அங்கேதான் கத்தரி வைக்கும். நாளைக்குக் குழந்தை வளர்ந்தால் பிரித்துவிட உதவும் என்று சீருடைக்குத் தாராளமாக விடுவது வழக்கம். முப்பத்திரண்டு சீருடைக்கு விட்ட கை, கம்பிக்கும் விட்டுவிட்டது. கம்பி என்ன, வளர்ந்து ஆறாம் வகுப்புக்கா போகப்போகிறது?

சொல்ல முடியாது. கண்ணால் ஜாடை காட்டலாம் என்றால் அந்த அம்மா என்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன தடவை பேசிக் கெடுத்தேன், இந்தத் தடவை பேசாமலே கெடுத்துவிட்டேனே என்று நினைத்தபோது அழுகை முட்டியது. இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நேரே என்னிடம் வந்தார். வழக்கமாக என் முகத்தைப் பார்ப்பாரே, மீதி வாக்கியத்தைக் கேட்டு, அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

கம்பியை அளந்தார். ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, எனக்கு ஆச்சரியமாக, பேசவும் ஆரம்பித்தார். குறைத்த ஐந்து சதவீதத்தைத் திரும்பச் சேர்த்தால் ஐம்பத்தேழுக்குக் கொஞ்சம் கம்மி. அது கால் பங்கு. நாலு மடங்கு ஆக்கினால் இரண்டே கால் மீட்டருக்குச் சற்று மேல், 2.27. அதுதான் முழு அலைநீளம்.

“முந்நூறு மீட்டர் துணில 2.27 மீட்டர் துண்டு எத்தனைன்னு பாக்கணும்,” என்றார் அந்த அம்மாவிடம். அவர் எந்தத் துணி என்று கேட்டார். இவர் காதில் விழவில்லை. வகுத்து முடித்துப் பேனாவை வைத்தார். “நூத்தி முப்பத்திரண்டு. உங்க மானி சரியாத்தான் காட்டுதுங்க. கம்பிதான் நீளம்.”

அதோடு நிற்கவில்லை. கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறைமேல், நுனியிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, என் நீலக் கோடு மங்கலாக இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார். இவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. சட்டைப்பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டு பக்கமும் கோட்டின்மேல் சரியாக வெட்டினார். மேஜையில் இரண்டு துண்டுக் கம்பி விழுந்தது. அந்த அம்மா மறுபடி மானியை மாட்டினார். 145.4.

கம்பியை வெட்டியது யார் என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரிங்க. தையல்காரி. துணிக்கு விடற மாதிரி ரெண்டு அங்குலம் விட்டிருக்கா. அவ கோடு போட்டது சரியான இடத்துலதான்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு இருமுவது மாதிரி இருந்தார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷமாகத் தேர்வு நடத்துகிறேன், ஆன்டெனாவுக்கு ஓரம் மடிக்கத் துணி விட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். இனிமேல் பேசலாம் என்று என்னிடம் சொன்னார். நான் குண்டூசியை எடுக்கவில்லை, பஸ் ஸ்டாப் வரும்வரை எடுக்கவில்லை. தாளை யாராவது திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன செய்வது?

மூன்று வாரத்தில் உரிமம் வந்தது. அன்றைக்கு நான் ஐந்து மணிக்கே மெஷினை மூடிவிட்டேன். இவர் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அந்த ஆன்டெனாவையே கட்டி, வயரை முன்னறைக்கு இறக்கியிருந்தார். புதிதாக வாங்கிய பேசும் பெட்டி என் வெட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. ஆறு மணிக்கு அண்ணியின் குரல் வந்தது. வழக்கம்போல யார் யாரோடோ பேசினார். காற்று பலமாக அடிக்கிறது, மழைமானியில் ஒரு தவளை குடி வந்திருக்கிறது என்றார். இவர் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குறுக்கே புகுந்து பேச இவருக்கு வரவில்லை. கடைசியில் அண்ணி, “தம்பி கேட்டுட்டுத்தான் இருப்பான். சரிடா,” என்று ஆரம்பித்து முடிக்கவும் முடித்துவிட்டார்.

பெட்டியில் இரைச்சல் மட்டும். இவர் பொத்தானை அழுத்தினார். “அக்...” என்றார். நின்றுவிட்டது. பதினான்கு வருஷப் பழக்கம், முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அண்ணி, நாங்க பாஸ் பண்ணிட்டோம் என்று கத்தினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். கையெட்டும் தூரத்தில் ஊசிமெத்தை இருந்தது. ஐந்து குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

இவர் அதைப் பார்த்தார். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

“அக்கா. நான்தான். கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

மலையிலிருந்து ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, இங்கே குளிர் என்றார் அண்ணி. அதற்கப்புறம் இவர் பேசினார் பாருங்கள். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசினார். ஆறாயிரம் என்று சொன்னது, நான் பதினஞ்சு என்று சொன்னது, முந்நூறு மீட்டர் துணி, விமானக்காரர்கள், நீலக் கோடு, எல்லாம் வந்தது. ஒரு வாக்கியம்கூடப் பாதியில் நிற்கவில்லை. சமையலறையில் பார்த்து வயிறெரிந்தேனே, அதே பேச்சு. அன்றைக்கு எரியவில்லை. நிறைந்திருந்தது.

அண்ணி சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார், “அதெல்லாம் சரிடா, இவ்வளவு நேரமா அவ குரலே கேக்கலையே. ஊர்ல இல்லையா?”

“பக்கத்துலதான் இருக்கா. நான் பேசணும்னு வாயில ஊசி வச்சிட்டு உக்காந்திருக்கா.”

உரிமக்காரர் கூட இருந்தால் வீட்டு ஆளும் ஒரு வார்த்தை பேசலாமாம். இவர் என் உதட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார். மைக்கை என் பக்கம் நீட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சொல்வதற்கு என்னிடம் அவ்வளவு இருந்தது. “அண்ணி,” என்றேன். அதற்குமேல் ஒரு எழுத்து வரவில்லை. இவர் எனக்காகச் சொல்லி முடிக்கவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் பொத்தானை விட்டார்.

“என்னடி,” என்றது மலை, “நீயும் பாதி மாடியில நின்னுட்டியா?”